இரவில் காணாமல் போன முட்டைக்கோஸ் நாற்றுகள்: ஒரு கொல்லைத் தோட்டத்தில் நடந்த விசாரணை

புரட்டாசி கடைசி வாரம். காலை ஏழு மணி இருக்கும், எதிர் வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, ஒரு எட்டு வந்து பாரு. நாத்தெல்லாம் போச்சு." குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான். அதற்கு முந்தைய வாரமும் இப்படித்தான் ஒரு தட்டு நாற்று போயிருந்ததாம். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரியைத் தூர்த்து மனை போட்ட பகுதிகளில் ஒன்று எங்கள் தெரு. மழைக்காலத்தில் தரை எப்போதும் ஈரம்தான். அக்கா வீட்டுக் கொல்லை வடக்குப் பார்த்தது. ஒரு கிணறு, ஒரு முருங்கை, மூன்று வாழை. மதிலுக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய காலி மனை. குளிர்காலக் காய்கறிக்காக அக்கா 98 குழிகள் கொண்ட நாற்றுத்தட்டு ஒன்றில் முட்டைக்கோஸும், இன்னொன்றில் செண்டுமல்லியும் போட்டிருந்தார். கத்தரியும் மிளகாயும் பக்கத்தில் மண்தொட்டிகளில்.

நான் போனபோது முட்டைக்கோஸ் தட்டில் 31 நாற்றுகள் நின்றன. செண்டுமல்லியில் ஏழு. மிளகாயில் நாலைந்து குறைந்திருந்தது. கத்தரியில் ஓரிரு இலைகளில் ஓட்டை, அவ்வளவுதான். கை வைத்தது யாராக இருந்தாலும், பார்த்துப் பொறுக்கித் தின்றிருக்கிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று தீர்ப்புகள் தயாராக இருந்தன. மாமியார், பெருச்சாளி என்றார். அக்காவின் கணவர், இரவு அடித்த மழையில் நாற்று சாய்ந்துவிட்டது என்றார். உரக்கடையில் "பச்சைப்புழு" என்று சொல்லி இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பாட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதை இரண்டு முறை தெளித்தும் இருந்தார்.

மூன்றையும் தட்டை வைத்தே சரிபார்க்க முடிந்தது. பெருச்சாளியோ அணிலோ வந்திருந்தால் குழியைக் கிளறி, மண்ணுக்குப் பதில் நிரப்பிய தென்னை நார்க்கழிவை வெளியே இறைத்திருக்கும். இங்கே ஒரு குழியும் கலையவில்லை. மழை சாய்த்திருந்தால் சாய்ந்த நாற்று அங்கேயே கிடக்க வேண்டும். நாற்றழுகல் நோய் என்றாலும் அப்படித்தான்: மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு வெந்தது போல இளைத்து மடங்கும், இலை மேலேயே கிடக்கும். வெட்டுப்புழு தண்டை மண்மட்டத்தில் கத்தரித்தாற்போல அறுத்துவிட்டு மீதியைப் போட்டுவிட்டுப் போகும். இங்கே இலையே இல்லை. சில குழிகளில் அரை அங்குலத் தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. நுனி நேராக அறுபடாமல் துருவினாற்போல் இருந்தது.

நத்தை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் நத்தையின் சாட்சி அதன் பசைத்தடம். அதைத்தான் மழை துடைத்துவிட்டிருந்தது. தட்டைத் தூக்கித் திருப்பினேன். கறுப்பு பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் மழைபடாத இடம். வெயிலில் சாய்த்துப் பிடித்ததும் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளிக்கோடுகள் மின்னின. தட்டு உட்கார்ந்திருந்த செங்கல்லைப் புரட்டினேன். அடியில் இரண்டு, கட்டைவிரல் நீளத்தில், உலர்ந்த கறிவேப்பிலை நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, அட்டை!" என்று அக்காவின் மகள் பின்வாங்கினாள். எங்கள் பக்கம் பாதிப் பேர் இதை அட்டை என்றுதான் சொல்கிறார்கள். ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஓடில்லா நத்தை.

ராத்திரி ஒன்பதேகால் மணிக்கு மழை விட்டதும் டார்ச்சோடு போனோம். இந்த மாதிரி சந்தேகத்தில் பகலில் பத்து முறை பார்ப்பதைவிட இரவில் ஒரு முறை பார்ப்பது மேல். இருபது நிமிடத்தில் 27 கண்டுபிடித்தோம். தட்டின் மேல் ஆறு, மண்தொட்டி விளிம்பில் நாலு, மற்றவை செங்கல்லுக்கும் தட்டுக்கும் நடுவே வந்துகொண்டிருந்தன. மாமியார் வாசற்படியில் நின்றபடி, "பெருச்சாளியும் வருது, நான் பாத்தேன்" என்றார். அதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அதிகம் கண்ணில் படும் ஓடில்லா நத்தை லேவிகாலிஸ் ஆல்டே என்ற இனம். ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது. 1822-இல் பெயர் சூட்டப்பட்டது. முதுகின் நடுவே தலையிலிருந்து வால்வரை வெளிறிய கோடு ஒன்று ஓடும். இதை வைத்து எளிதாக அடையாளம் காணலாம். தோல் சொரசொரப்பாக, தொட்டால் பழைய செருப்புத்தோல் போல இருக்கும். வளர்ந்தது ஏழெட்டு சென்டிமீட்டர் வரும். திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். அது ஊர்ந்து நகரும் பாதம் உடலின் முழு அகலத்துக்கும் இல்லை, நடுவே நாலைந்து மில்லிமீட்டர் அகலப் பட்டை மட்டும்தான். தரையோடு உரசும் ஈரப்பரப்பு குறைவு, அதனால் உடம்பின் நீர் காய்வதும் குறைவு. மற்ற ஓடில்லா நத்தைகள் சுருண்டு செத்துப்போகும் வெயில் ஊர்களில் இது பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாயில் நாக்கு இருக்கும் இடத்தில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக உள்ள அரம் ஒன்று இருக்கிறது. தண்டு நுனி துருவினாற்போல் இருந்தது அதனால்தான்.

வளர்ந்த முட்டைக்கோஸ் செடியில் இது நாலு இலையைக் கடித்தால் செடி ஐந்தாவது இலையை விடும். நாற்றில் அப்படியில்லை. முளைத்த முதல் இரண்டு வாரம் வித்திலைகள் இரண்டுக்கும் நடுவே கடுகளவில் ஒரு குருத்துதான் இருக்கிறது. அதைத் துருவிவிட்டால் அந்தக் குழி காலிதான், மறுபடி துளிர்க்க எதுவும் மிச்சமில்லை. ஆக, ஆயுள் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை. விதைத்ததிலிருந்து நடவு வரையிலான இருபத்தைந்து, முப்பது நாள்தான் கண்டம். இது பிடிபட்டதும் மீதி வேலை சுலபமாகிவிட்டது. அக்காவுக்கு நான் முதலில் சொன்னதும் இதுதான்: "நத்தையை ஒழிக்கப் போறதில்ல அக்கா. ஒரு மாசம் அது நாத்துக்கிட்ட வராம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

அடுத்த நாள் பகலில் கொல்லையை நத்தையின் கண்ணால் பார்த்தோம். நாற்றுத்தட்டு தரையில், இரண்டு வரிசைச் செங்கல் மேல். கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் மட்டைக் குவியல். அதையொட்டி உடைந்த தொட்டிகளின் அடுக்கு, பிறகு மக்கும் இலைக்குழி. ஆபீஸ் முடிந்து வந்து அக்கா தண்ணீர் ஊற்றும் நேரம் மாலை ஆறரை. நத்தை படுக்க இருட்டு, புறப்படும் வேளையில் நனைந்த பாதை, பாதை முடியும் இடத்தில் இளந்தளிர் என்று விருந்தே வைத்திருந்தோம்.

பூச்சிமருந்து கதை தனி. நத்தை பூச்சி அல்ல, மெல்லுடலி. கடையில் கொடுத்த மருந்து அதை அசைக்காது. அதோடு போனால் பரவாயில்லை. 2015-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இமிடாகுளோபிரிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த தயமீதாக்சம் பூசிய சோயா விதை முளைத்ததும் நத்தைகள் அந்த இளஞ்செடியைத் தின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நத்தைகளைத் தின்ற தரைவண்டுகள்தான் சுருண்டு விழுந்தன. காவல்காரன் போனதும் நத்தை பெருகி, மகசூல் குறைந்தது. அக்கா வீட்டில் அதேதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டில் மூடி அன்றோடு மூடியதுதான்.

அடுத்த பத்து நாள் செய்ததில் பாதி வீண் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

முட்டை ஓட்டில் தொடங்கினோம். மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது. அக்கா இரண்டு வாரமாகச் சேர்த்த ஓட்டை நொறுக்கி மிச்ச நாற்றுகளைச் சுற்றிப் போட்டார். இரவில் போய்ப் பார்த்தால் நத்தை அதன் மேலேயே, கப்பிக்கல் ரோட்டில் மாட்டுவண்டி போவது போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் இதை 2018-இல் முறைப்படி சோதித்திருக்கிறது. 108 லெட்யூஸ் செடிகளைச் சுற்றி முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

சாம்பலும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும்வரை வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழையில் எத்தனை மணி நேரம் உலர்ந்திருக்கும்? ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. செம்புப் பட்டை ஆன்லைனில் வந்தது, நனைந்த தொட்டியில் பசை பிடிக்காமல் இரண்டாம் நாளே தொங்கியது. உப்பு மாமியாரின் கைவேலை. ஐந்து நத்தைகள் செத்தன, அந்த ஓரத்தில் இருந்த முள்ளங்கி வரிசையும் சேர்ந்து கருகியது. உப்பு நத்தையின் உடல்நீரை இழுப்பது போலவே வேரின் நீரையும் இழுக்கும். மழை அடித்துக் கரைத்துப்போகும்வரை அந்த மண்ணில் எதுவும் சரியாக வராது.

மெட்டால்டிஹைடு குருணையை வாங்கலாமா என்று அக்கா கேட்டார். அது நத்தைக்கான மருந்துதான். தின்ற நத்தை பசையை அளவின்றிச் சுரந்து காய்ந்து சாகும். ஆனால் ஈரம் நிறைய இருந்தால் அரைகுறையாகத் தின்ற நத்தை தேறிவிடவும் செய்கிறது, நாம் போராடுவதோ மழைக்காலத்தில். அதைவிட, தவிட்டு வாசனைக்கு அந்தக் குருணையை நாயும் பூனையும் தின்னும், தின்றால் வலிப்பு வரும். அக்கா வீட்டுப் படிக்கட்டில் எப்போதும் ஒரு பூனை தூங்குகிறது. பிரிட்டனில் 2022 மார்ச் 31-க்குப் பிறகு திறந்தவெளியில் இதைப் போடவே தடை. வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

கையால் பொறுக்குவதுதான் மிச்சம். அங்கே ஒரு சிக்கல் வந்தது, மருந்துக்கடையில் தீர்வு இல்லாத சிக்கல். "புரட்டாசியில போய் ஒரு உசிரைக் கொல்லணுமாடா?" என்றார் மாமியார். வீட்டில் முட்டைகூடச் சமைக்காத மாதம். (முட்டை ஓடு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், ஆவணியில் சேர்த்தது.) எனவே முதல் ஐந்து இரவும் பிடித்ததையெல்லாம் இடுக்கியால் எடுத்து மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினோம். மறுநாள் எண்ணிக்கை குறையவில்லை. 27, 25, 29, 24, 28. அவையே திரும்பி வந்தனவா, புதரிலிருந்து புதியவை வந்தனவா என்று சொல்ல முடியாது. ஓடுள்ள தோட்ட நத்தை விஷயத்தில் இதை ஒருவர் சோதித்திருக்கிறார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ரூத் புரூக்ஸ் என்ற மூதாட்டி நத்தை ஓடுகளில் நகப்பூச்சால் குறி போட்டுத் தூரத்தில் விட்டுப் பார்த்தார். பல நத்தைகள் வீடு திரும்பின. அதற்காக 2010-இல் பிபிசி நடத்திய போட்டியில் சிறந்த அமெச்சூர் விஞ்ஞானி ஆனார். மதிலுக்கு அந்தப் பக்கம் என்பது நத்தைக்குத் தூரமே இல்லை.

ஐப்பசி பிறந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பழைய வாளி ஒன்றில் கல்லுப்பைக் கரைத்து அவரே கொண்டுவந்து வைத்தார். உப்பு மண்ணில் விழாத வரை அதற்கு ஒரு பயன் உண்டு.

தேடி அலையாமல் ஒரே இடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்று பார்த்தோம். வெளிநாட்டில் பீர் வைப்பார்கள். நொதித்த வாசனைக்கு வந்து அதிலேயே விழுந்து மூழ்கும். "அதுக்கு நான் டாஸ்மாக் வாசல்ல நிக்கணுமா?" என்றார் அக்காவின் கணவர். தேவையில்லை. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பொங்கவைத்த ரொட்டி மாவு நத்தைகளை நன்றாக இழுக்கிறது என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் காட்டியிருக்கிறார்கள். பொங்கிய மாவுக்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்? நாலு நாள் ஆகி யாரும் தோசை ஊற்ற மறுத்த இட்லி மாவை இரண்டு கரண்டி எடுத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, நாற்றிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம். பக்கத்தில் நனைத்த கோணிச்சாக்கு, அதன் அடியில் பப்பாளி இலைகள்.

முதல் இரவு மாவைச் சுற்றி 19, சாக்கின் அடியில் 15. மறுநாளும் கிட்டத்தட்ட அவ்வளவே. மூன்றாம் நாள் காலை கொட்டாங்கச்சி துடைத்து வைத்தாற்போல் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் பெரிய பெரிய கால்தடங்கள். "நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றார் மாமியார். பெருச்சாளி உண்மைதான், நாற்றைத் தின்றது மட்டும் அது இல்லை. அதன் பிறகு கொட்டாங்கச்சியின் மேல் ஓரம் உடைந்த தொட்டியைக் கவிழ்த்து ஒரு கல்லையும் ஏற்றினோம். உடைந்த ஓரம் நத்தைக்கு வாசல், பெருச்சாளிக்கு முடியாது.

மாவில் ஒரு குறை உண்டு. பீரைப் போல அது கொல்லாது. விருந்துக்கு அழைப்பதோடு சரி. ஒன்பது மணிக்குப் போய் யாராவது அள்ளாவிட்டால் நாமே தீனி போட்டு வளர்த்தது மாதிரி ஆகிவிடும். தீபாவளி அன்று அதுதான் நடந்தது. பலகாரம், பட்டாசு, விருந்தாளி என்று எல்லோரும் வாசலில். கொல்லைப்பக்கம் ஒருவரும் போகவில்லை. இரவெல்லாம் தூறல். தரையில் வைத்திருந்த செண்டுமல்லித் தட்டு விடிவதற்குள் மறுபடி மொட்டை.

அதே இரவில் முட்டைக்கோஸ் தட்டில் ஒரு நாற்றுக்கும் சேதமில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் புதிதாக விதைத்த தட்டு அது. மாமியாரின் யோசனைப்படி வைத்தது. இனிப்புப் பாத்திரத்தில் எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே பாத்திரத்தை வைப்பார்கள் அல்லவா? பழைய இரும்பு ஸ்டூலை எடுத்து, நாலு காலையும் நாலு பழைய கிண்ணத்தில் இறக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, அதன் மேல் தட்டை வைத்தார். வெறும் தண்ணீரை நத்தை சில நேரம் கடந்துவிடும், உப்புநீரில் இறங்காது. ஸ்டூல் சன்ஷேடுக்குக் கீழே இருந்ததால் மழை கிண்ணத்தில் விழுந்து உப்பை நீர்க்கச் செய்யவில்லை. கவனிக்க இரண்டே விஷயங்கள். தட்டோ ஸ்டூலோ சுவரைத் தொடக்கூடாது, வாழை இலை சாய்ந்து பாலம் போட்டுவிடக் கூடாது. டெங்கு காலம் என்பதால் நாலு நாளுக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கழுவி மாற்ற வேண்டும். இவ்வளவு பேசி, இவ்வளவு படித்து, கடைசியில் நாற்றைக் காப்பாற்றியது எறும்புக்குப் போட்ட அணைதான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கூடவே செய்தவை: தண்ணீர் ஊற்றுவது காலை ஆறு மணிக்கு மாறியது. மழையில்லாத நாளில் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும், நத்தைக்குப் பாதை கரடாகிவிடும். மட்டைக் குவியலும் உடைந்த தொட்டிகளும் காலி மனைப் பக்கத்து மூலைக்குப் போயின. அப்படித் தூக்கியபோது தொட்டி அடுக்கின் அடியில், மணி கோத்தாற்போல் இழையால் இணைந்து சுருண்ட முட்டைக்கொத்துகள் மூன்று கிடைத்தன. அவற்றை எடுத்தது இருபது இரவு பொறுக்கியதற்குச் சமம் என்பேன். ஐப்பசி முடிவதற்குள் ஒரு இரவின் கணக்கு நாலு, ஐந்து என்று இறங்கியிருந்தது.

ஒன்றை மட்டும் அக்காவின் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: கையால் தொடாதே. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு, ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டனென்சிஸ் என்று பெயர். அதன் குஞ்சுகள் எலிப்புழுக்கையில் வரும், நத்தை அதைத் தின்னும், பச்சையாகத் தின்னும் கீரையிலோ கழுவாத கையிலோ நத்தைத்துண்டு ஒட்டியிருந்தால் மனிதனுக்கு வரும். மூளையுறை அழற்சி வரை போகும். லேவிகாலிஸ் இந்தப் புழுவைச் சுமக்கும் இனங்களில் ஒன்று. பெருச்சாளியும் நத்தையும் ஒரே கொட்டாங்கச்சியில் சாப்பிட்ட கொல்லையில் இது வெறும் புத்தகத் தகவல் அல்ல. இடுக்கி, கையுறை, கீரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவிச் சமைப்பது, எல்லாம் அன்றிலிருந்து வழக்கமானது.

கார்த்திகை இரண்டாம் வாரம் நடவு. ஐந்தாறு இலை விட்டு, தண்டு பென்சில் முனையளவு தடித்த நாற்றுகளை மட்டும் தரைக்கு இறக்கினோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களின் மேலும் கீழும் வெட்டி, வளையமாக ஒவ்வொன்றைச் சுற்றியும் மண்ணில் இரண்டு விரல்கடை புதைத்தோம். வளையம் முழுக் காவல் இல்லை, நத்தை பிளாஸ்டிக்கில் ஏறும். பத்து நாள் தாமதப்படுத்தினால் போதும் என்பதுதான் கணக்கு. நட்ட 40-இல் 36 நின்றன. போன நாலில் இரண்டு நத்தையால் அல்ல, பூனை அந்தக் குழிகளைப் பார்த்து வேறு ஏதோ நினைத்துவிட்டது. தைப் பொங்கலுக்கு முட்டைக்கோஸ் வரவில்லை, மாசியில்தான் வந்தது. தேங்காயளவில், கொஞ்சம் தளர்வாக. செண்டுமல்லியை அக்கா கடையிலிருந்து வளர்ந்த செடியாகவே வாங்கிவிட்டார்.

அப்புறம் செம்போத்து ஒன்று காலி மனையிலிருந்து மதில் மேல் வந்து உட்கார ஆரம்பித்தது. நத்தை தின்னும் பறவை. மட்டைக் குவியலை அந்த மூலைக்கு மாற்றிய பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாமலே அக்கா அதற்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார். உப்புப் போடாத தண்ணீர்.

பங்குனியில் ஒருநாள் கோணிச்சாக்கைப் புரட்டிப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது, அடியில் எதுவும் இல்லை. முடிந்தது என்று அக்கா சொன்னார். சாக்கு இருந்த இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டினேன். ஈரமண் தொடங்கும் இடத்தில் மூன்று நத்தைகள், புளியங்கொட்டை போலச் சுருங்கி, அசையாமல், மழைக்குக் காத்துக்கொண்டிருந்தன. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு வாளி எடுக்க உள்ளே போனார்.